பைத்தான் ஜிசிடி: தாளில் போட்டால் 15, கணினியில் 2. ஏன்?

லூப்பில்_சிக்கியவன்:
வீட்டு ஹாலுக்கு டைல்ஸ் மாற்றப் போகிறோம். நீளம் 4.35 மீட்டர், அகலம் 3.60. ஓரத்தில் வெட்டாமல் போடக்கூடிய பெரிய சதுர டைல் எது என்று பார்க்க, பைத்தானின் மேத் மாட்யூலில் இருக்கிற ஜிசிடியை எடுத்தேன் (நம்ம மீப்பெரு பொது வகுத்தி, மீ.பொ.வ. தானே). தசமத்தைக் கொடுத்தால் டைப் எரர். சரி, சென்டிமீட்டர் ஆக்கிவிடலாம் என்று இரண்டையும் நூறால் பெருக்கி இன்ட் போட்டேன், எரர் போய்விட்டது, ஆனால் விடை 2 என்கிறது. 2 சென்டிமீட்டர் டைலை எந்தக் கடையில் போய்க் கேட்பது? தாளில் வகுத்துப் பார்த்தால் 15 வருகிறது. ஃபங்ஷனில் பிழையா?

பழைய_கம்பைலர்:
ஃபங்ஷன் மேல் பழி போடாதீர்கள். 4.35 * 100 என்று மட்டும் அடித்துப் பாருங்கள், 434.99999999999994 என்று வரும். 4.35 இரும எண்ணில் துல்லியமாக அடங்காது, ஒரு மயிரிழை குறைவாகத்தான் உள்ளே உட்காரும். இன்ட் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை அப்படியே வெட்டிவிடும். ஆக நீங்கள் கொடுத்தது 434, 360. அதற்கு 2 சரியான விடைதான். இன்ட்டை எடுத்துவிட்டு ரவுண்ட் போடுங்கள், அது பக்கத்து முழு எண்ணுக்குக் கொண்டுபோகும். நானாக இருந்தால் டேப் பிடிக்கும்போதே சென்டிமீட்டரில் எழுதிவிடுவேன்.

லூப்பில்_சிக்கியவன்:
15 வந்துவிட்டது! 29 வரிசை, வரிசைக்கு 24, மொத்தம் 696 டைல். அப்புறம், 120 சென்டிமீட்டர் அகல வராந்தாவுக்கும் அதே டைல் வேண்டும். மூன்று அளவையும் லிஸ்டில் போட்டுக் கொடுத்தால் மறுபடி டைப் எரர். ஒரு வீடியோவில் ஃப்ராக்ஷன்ஸ் மாட்யூலில் இருந்து ஜிசிடி எடுத்து ரெட்யூஸ் (லிஸ்டை இரண்டிரண்டாகக் கணக்கிட்டு ஒரே விடையாக்குவது) போடுகிறார், எனக்கு இம்போர்ட்டே ஆகவில்லை.

மீதி_பூஜ்ஜியம்:
வீடியோ பழசு. மேத் மாட்யூலுக்கு ஜிசிடி வந்தது 3.5 பதிப்பில், ஃப்ராக்ஷன்ஸில் இருந்ததை 3.9-இல் தூக்கிவிட்டார்கள். அதே 3.9-இல்தான் எத்தனை எண் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று ஆனது, மீ.பொ.ம.வுக்கு எல்சிஎம் சேர்ந்ததும் அப்போதுதான். அதனால் ரெட்யூஸ் வேண்டாம், லிஸ்ட் பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுங்கள், போதும்; லிஸ்டைப் பிரித்துத் தனித்தனி எண்களாகக் கொடுத்துவிடும். விடை 15தான் வரும். ஒன்று மட்டும் கவனம்: லிஸ்ட் காலியாக இருந்தால் எரர் சொல்லாமல் 0 கொடுக்கும், நாலு வரி தள்ளி அதால் வகுக்கும்போதுதான் வெடிக்கும். எனக்கு ஒரு ராத்திரி முழுக்கப் போயிருக்கிறது.

பழைய_கம்பைலர்:
அதெல்லாம் இருக்கட்டும், கொத்தனாரிடம் 696 டைல் என்று சொல்லிப் பார்த்தீர்களா? 60க்கு 60 வாங்குங்க, ஓரத்தை நான் வெட்டிக்கிறேன் என்பார். ஸ்பேசர் இடைவெளியை வேறு நாம் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.