இண்டக்ஷன் அடுப்பில் தோசை நடுவில் மட்டும் கருகுகிறது, உதவுங்கள்

வணக்கம். நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். 14 கிலோ கேஸ் தோம்பை அம்மாவால் நகர்த்த முடியவில்லை என்று இரண்டு மாதத்துக்கு முன் இண்டக்ஷன் அடுப்பு வாங்கினேன். ஒற்றை அடுப்பு, 2000 வாட், 13 ஆம்பியர் பிளக். அலுமினியச் சட்டிகள் இதில் சூடேறாததால் ஒதுக்கிவிட்டோம். காந்தம் ஒட்டும் எவர்சில்வர் பானையில் சோறு, குழம்பு எல்லாம் நன்றாக வருகிறது.

சிக்கல் காலைப் பசியாறைக்குத்தான். பாட்டி தோட்டத்து லயத்தில் இருந்தபோது வாங்கிய இரும்புத் தோசைக்கல், 30 சென்டிமீட்டர் அகலம். காந்தம் கெட்டியாகப் பிடிக்கிறது. ஆனால் மாவு ஊற்றினால் நடுவில் உள்ளங்கை அளவுக்குக் கருகுகிறது, ஓரம் வெள்ளையாகவே நிற்கிறது. திருப்பினால் பிய்ந்துவிடுகிறது. ஐந்தாறு நிமிடத்தில் அடுப்பு 'பீப்' என்று கத்திவிட்டுத் தானாக அணைகிறது. கல்லைக் கவிழ்த்து அடியில் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன்; நடுப்பகுதி லேசாக உப்பியிருக்கிறது, ஓரத்தில் வெளிச்சம் தெரிகிறது.

800 வாட்டில் பத்து நிமிடம் மெதுவாகக் காயவைத்தேன். முதல் இரண்டு தோசை தேவலை, அப்புறம் பழையபடிதான். அடுப்புக்கும் கல்லுக்கும் இடையில் வைக்கும் இரும்புத் தகடும் வாங்கினேன். கல் சூடேறுவதற்குள் தகடு கொதித்து அடுப்பு அணைந்ததால் பயந்து நிறுத்திவிட்டேன். கடையில் கல்லை மாற்றச் சொன்னார்கள். அம்மாவுக்கு மனம் வரவில்லை, ஆனாலும் சரி என்றுவிட்டார்.

இதே மாதிரி ஒற்றை அடுப்பில் தினமும் தோசை சுடுகிறவர்கள் சொல்லுங்கள்: எந்த அகலம், எவ்வளவு தடிமன் உள்ள கல் ஓரம்வரை ஒரே சீராகச் சுடுகிறது?