வெண்கல உடலில் சாக்குத்துணியின் நெசவு

கேள்வி: வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தின் சிற்பத் தோட்டத்தில் உள்ள போலந்துச் சிற்பி மக்தலேனா அபகனோவிச்சின் 'புவெல்லே' (1992) என்ற வெண்கலச் சிற்பத் தொகுதியில், தலையற்ற 30 சிறுமியர் உருவங்கள் ஏன் மெருகேற்றப்படாமல் சொரசொரப்பாகவே விடப்பட்டிருக்கின்றன?

மறுமொழி 1: அவர் நெசவுக் கலையிலிருந்து சிற்பத்துக்கு வந்தவர், சாக்குத்துணியின் இழைகளும் சுருக்கங்களும் வார்ப்பில் அப்படியே பதிந்திருப்பதால், வெண்கலம் உலோகமாக அன்றி, வற்றிச் சுருங்கிய தோலாகத் தெரிகிறது. இரண்டாம் உலகப் போரின்போது போலந்திலிருந்து ஜெர்மனிக்குக் கால்நடை ரயில் பெட்டிகளில் கொண்டுசெல்லப்பட்டு, குளிரில் உறைந்து இறந்த குழந்தைகளின் நினைவே இதன் பின்னணி.

மறுமொழி 2: சுவிட்சர்லாந்துச் சிற்பி ஜாக்கோமெட்டியின் 'நடக்கும் மனிதன்' (1960) சிற்பமும் கரடுமுரடானதுதான், ஆனால் அங்கே தெரிவது பிசைந்த விரல்களின் தடம், இங்கே தெரிவதோ துணியின் தடம். இரண்டையும் ஒரே வகையில் சேர்ப்பதை (பலரும் சேர்க்கிறார்கள்) நான் ஏற்கமாட்டேன்.