கிட் லென்ஸை மாற்றலாம் என்றிருக்கிறேன்: 18-50ஆ, 17-70ஆ?

பூமார்க்கெட்_மதுரை:
என்னிடம் சோனி இசட்வி-ஈ10 கேமரா, கூடவே வந்த 16-50 மிமீ கிட் லென்ஸ். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு விடிகாலை 4 மணிக்குப் போனால் ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 6400-க்குக் கீழே இறங்கமாட்டேன் என்கிறது, மூட்டைகளுக்குப் பின்னால் இருக்கும் இருட்டெல்லாம் ரவை கொட்டியது போல வருகிறது. வீடியோவில் இன்னொரு தொல்லை, ஜூம் பண்ணிக்கொண்டே போனால் பாதியில் படம் இருட்டிக்கொள்கிறது. வீட்டில் பாப்பாவுக்கு 3 வயது, ஒரு இடத்தில் நிற்கமாட்டாள், அதனால் ஜூம் இல்லாத பிரைம் லென்ஸ்களை மாற்றி மாற்றி மாட்ட எனக்குப் பொறுமையில்லை. சிக்மா 18-50 எஃப்/2.8, டாம்ரான் 17-70 எஃப்/2.8, இந்த இரண்டில் எது?

பழைய_பீரோ:
இருட்டிக்கொள்வது பழுதில்லை. அந்த லென்ஸின் எஃப் எண் (சின்ன எண் என்றால் பெரிய துளை, அதிக வெளிச்சம்) 16-இல் 3.5, 50-க்குப் போனால் 5.6, அவ்வளவுதான். 2.8 ஜூம் என்றால் கடைசிவரை 2.8. 50-இல் வைத்து எடுக்கும்போது 5.6-க்கும் 2.8-க்கும் இரண்டு ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு), அதாவது நாலு மடங்கு வெளிச்சம், உங்கள் 6400 அப்படியே 1600-க்கு வந்துவிடும். நான் வைத்திருப்பது 18-50. 300 கிராம்கூட இல்லை, மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு காய்கறி வாங்கப் போகிறேன். டிஎஸ்எல்ஆர் காலத்தில் 800 கிராம் தாண்டிய 1.8 ஜூம் ஒன்று வாங்கினேன், படம் அருமையாக வரும், ஆனால் கனத்துக்குப் பயந்து எடுக்காமலே பீரோவில் கிடந்து ஒரு ஐப்பசி மழையில் பூஞ்சை பிடித்துவிட்டது.

கைநடுக்கம்:
அண்ணன் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டார். இசட்வி-ஈ10 பாடியில் ஸ்டெபிலைசேஷன் (கை ஆட்டத்தைக் குறைக்கும் வசதி) கிடையாது, 18-50-லும் கிடையாது. உங்கள் கிட் லென்ஸில் இருக்கிறது! ஆக, காசு செலவழித்து வாங்கிய பிறகு கையில் பிடித்து எடுக்கும் வீடியோ இப்போதைவிட அதிகமாக ஆடும். கேமராவிலேயே ஆட்டத்தைக் குறைக்கும் ஆக்டிவ் மோட் போடலாம், ஆனால் அது நாலு ஓரத்தையும் வெட்டிவிடும், 18 மிமீ கிட்டத்தட்ட 26 மாதிரி ஆகி, வீட்டு ஹாலில் முதுகு சுவரில் முட்டும். 17-70-இல் விசி, அதாவது டாம்ரானின் ஸ்டெபிலைசேஷன், இருக்கிறது. 525 கிராம்தான், கொஞ்சம் கனம், சரி. நின்றுகொண்டு எடுப்பதற்கு நல்ல உதவி, நடந்துகொண்டே எடுத்தால் எதுவும் காப்பாற்றாது. அப்புறம் அந்த 70 மிமீ. பூ கட்டும் அம்மா நாரை விரலில் சுற்றி இழுப்பதை, அவர் முகத்துக்கு நேரே போய் நிற்காமல், கூட்டத்துக்கு இந்தப் பக்கம் இருந்தே எடுத்துவிடலாம்.

மத்தியானவெயில்:
வீடியோ என்றால் வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸ் முன்னால் மாட்டும் என்டி ஃபில்டருக்கும் சேர்த்துக் காசு ஒதுக்குங்கள். 25பி-இல் (நொடிக்கு 25 ஃபிரேம்) ஷட்டர் 1/50, உச்சி வெயில், ஐஎஸ்ஓ 100, இதில் 2.8 வைக்க வேண்டுமானால் ஆறு ஸ்டாப் குறைக்கணும், அதாவது என்டி64. திருகித் திருகி அடர்த்தியை மாற்றும் வேரியபிள் என்டியில் மலிவானதை ஒரேயடியாகத் திருகினால் வைடில் வானத்தின் குறுக்கே பெருக்கல் குறி போல ஒரு நிழல் விழும், நான் ஒரு காதுகுத்து முழுவதையும் அப்படி எடுத்துத் தொலைத்திருக்கிறேன். ஃபில்டர் அளவு 18-50-க்கு 55 மிமீ, 17-70-க்கு 67 மிமீ. 67-இல் ஃபில்டர் வாங்கி அளவு மாற்றும் ரிங் போட்டால் இரண்டுக்கும் ஆகும். கேமரா என்டிஎஸ்சி (60 ஹெர்ட்ஸ் வீடியோ முறை) அமைப்பில் இருந்தால் பால் (PAL, 50 ஹெர்ட்ஸ் முறை) அமைப்புக்கு மாற்றிவிடுங்கள், நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், 1/60-இல் டியூப் லைட் துடிக்கும்.

பூமார்க்கெட்_மதுரை:
எல்லோருக்கும் நன்றி. 17-70-ஐ இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்த்தேன். மார்க்கெட்டில் பிரமாதம். ஆனால் பாப்பா படங்களில் பாதிக்கு மூக்கு தெளிவு, கண் மங்கல். லென்ஸ் கோளாறா?

கைநடுக்கம்:
கோளாறில்லை, 70-இல் பக்கத்தில் நின்று 2.8-லேயே எடுத்திருப்பீர்கள், அப்போது தெளிவாக விழும் ஆழம் ரொம்பக் குறைவு. வெளிச்சம் இருக்கும்போது 4-க்குக் கொண்டுபோங்கள், கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஐ ஆட்டோஃபோகஸ் ஆன், ஏஎஃப்-சி (நகர்வதை விடாமல் தொடரும் ஃபோகஸ்), ஷட்டர் 1/250-க்குக் குறையாமல். ஓடுகிற பிள்ளைக்கு விசி உதவாது, அது உங்கள் கை ஆட்டத்தைத்தான் நிறுத்தும்.