ராஜாஜி: சட்டத்தின் ஆட்சியும் சமய நம்பிக்கையும், பேச்சுப் போட்டிக்கு விளக்கம் வேண்டும்

கல்லல்_மாணவன்:
காரைக்குடியில் பேச்சுப் போட்டி, எட்டு நிமிஷம். அரசு தன் எல்லைக்குள் நிற்க வேண்டும் என்று 1959-ல் சுதந்திராக் கட்சி தொடங்கியவர் ராஜாஜி. அவரே 1939-ல் சென்னை மாகாண அரசின் தலைவராக இருந்தபோது கோயில் விஷயத்தில் சட்டம் கொண்டுவந்திருக்கிறார். இது முரண் இல்லையா? சுதந்திரா ஒரு மதக் கட்சி என்கிறார்களே, சரியா? நம்ம பக்கத்து உதாரணம் இருந்தாலும் சொல்லுங்கள்.

தேவகோட்டை_வக்கீல்:
தம்பி, அந்தச் சட்டத்தின் பெயரை முழுசாகப் பாருங்கள். ஆலயப் பிரவேச அனுமதி மற்றும் இன்டெம்னிட்டி (வழக்கிலிருந்து பாதுகாப்பு) சட்டம். விஷயமே அந்த இன்டெம்னிட்டியில்தான் இருக்கிறது.

1939 ஜூலை 8-ல் மதுரைக் காங்கிரஸ்காரர் வைத்தியநாதய்யர், அதுவரை கோயிலுக்குள் விடப்படாத சாதிகளைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்டவர்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போனார். அன்றைக்கு இருந்த சட்டப்படி, வழக்கத்தை மீறி உள்ளே விட்ட கோயில் அதிகாரி மேலேயே வழக்குப் போடலாம். முதலில் அவசரச் சட்டம், பிறகு சட்டம் என்று கொண்டுவந்து, போனவர்களையும் விட்டவர்களையும் வழக்கிலிருந்து காப்பாற்றினார் ராஜாஜி. மற்ற கோயில்களில், கும்பிட வருகிறவர்கள் பொதுவாக எதிர்க்கவில்லை என்று அறங்காவலர்கள் கருதினால், அரசின் ஒப்புதலோடு திறக்கலாம். உத்தரவு போட்டுத் திறக்க வைக்கவில்லை, திறக்க நினைப்பவருக்கு இருந்த தடையை எடுத்தார். நுழைவது எல்லாருக்கும் உரிமை என்று ஆனது 1947 சட்டத்தில். பலர் இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசி மாட்டிக்கொள்கிறார்கள்.

இதில் எனக்கு மனக்குறை உண்டு. உரிமையை அறங்காவலர் மனசுக்கு விட்டது நியாயம் இல்லை. ஆனால் முரண் என்று சொல்ல மாட்டேன்.

கம்பன்_அடிமை:
நம்ம பக்கத்து உதாரணம் கண்ணெதிரே இருக்கிறது. அதே 1939-ல் காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கிய சா. கணேசன், 1962-ல் சுதந்திராக் கட்சி சார்பில் காரைக்குடி எம்.எல்.ஏ. ஆனார். கம்பனும் பிள்ளையாரும் ஒரு பக்கம், சட்டமன்றம் ஒரு பக்கம். இரண்டையும் ஒரே ஆள் சிக்கலில்லாமல் சுமந்தார்.

மதக் கட்சி என்பது தவறு. தலைவர் என்.ஜி. ரங்கா, பொதுச்செயலாளர் மினு மசானி, அவர் பார்சி. கட்சியின் 21 கொள்கைகள் தனிமனித உரிமை, சொத்து, விவசாயி என்றுதான் போகும். தர்மம் என்று ராஜாஜி சொன்னது, போலீஸ் எட்டாத இடத்தில் மனுஷனை உள்ளேயிருந்து தடுத்து நிறுத்துவதை.

சொத்துரிமையை விட்டுவிடாதீர்கள். ஒரு குடும்பம் வைத்திருக்கும் நிலத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) உச்சவரம்பு வைத்த சென்னை மாநில நிலச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1964-ல் செல்லாது என்றது. அதே வருஷம் அரசியலமைப்பின் 17-வது திருத்தம் வந்து, அதையும் சேர்த்து 44 சட்டங்களை ஒன்பதாவது அட்டவணையில், அதாவது அடிப்படை உரிமையைக் காட்டிக் கோர்ட் செல்லாது என்று சொல்லாமல் காக்கும் பட்டியலில், வைத்தது. கோர்ட் சொன்னதைத் திருத்தத்தால் தாண்டுவதைத்தான் ராஜாஜி எதிர்த்தார். பர்மாவுக்குக் கொண்டுவிக்க (தொழில் செய்ய) போய், வயலையெல்லாம் அங்கே இழந்துவிட்டு வந்த ஊர் இது. அந்தப் பேச்சு இங்கே எடுபட்டதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

பழைய_செய்தித்தாள்:
இரண்டு எச்சரிக்கை. ‘சமயச்சார்பற்ற’ என்ற சொல் அரசியலமைப்பின் முகப்புரைக்குள் வந்தது 1976-ல், 42-வது திருத்தத்தில். ராஜாஜி காலமானது 1972 டிசம்பர் 25. அந்தச் சொல் முகப்புரையில் வந்ததற்கு அவர் கருத்து இதுதான் என்று பேசிவிடாதீர்கள், நடுவர் பிடித்துக்கொள்வார்.

அடுத்து, 1952-ஐ மறைக்காதீர்கள். 375 இடத்தில் காங்கிரசுக்கு 152 தான். தேர்தலில் நிற்காத ராஜாஜியை ஆளுநர் மேலவைக்கு நியமித்து, அவர் முதல்வரானார். சட்டத்தின் எழுத்துக்கு அது பொருந்தும், உள்நோக்கத்துக்குப் பொருந்துமா என்று எதிரணி கண்டிப்பாகக் கேட்கும்.

கல்லல்_மாணவன்:
நன்றி ஐயா. பிள்ளையார்பட்டி மாதிரி நகரத்தார் நிர்வாகத்தில் உள்ள கோயிலுக்கு, சமயப் பிரிவினர் தங்கள் சமயக் காரியங்களைத் தாங்களே நடத்த உரிமை தரும் அரசியலமைப்பின் 26-வது பிரிவு பொருந்தும் என்று வைத்துக்கொண்டால், யாரை உள்ளே விடுவது என்பதையும் நிர்வாகமே முடிவு செய்யலாமா?

தேவகோட்டை_வக்கீல்:
முடியாது. 1957-ல் வெங்கடரமண தேவரு வழக்கில், மூல்கி கோயில் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. தனிச் சமயப் பிரிவின் கோயிலாக இருந்தாலும் 26(பி) தரும் அந்த உரிமை, பொதுக் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறக்கச் சட்டம் போட அரசை அனுமதிக்கும் 25(2)(பி)-க்குக் கட்டுப்பட்டது. சில சடங்குகளை மட்டும் அந்தப் பிரிவினர் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளலாம், பொது தரிசனத்துக்குக் கதவைச் சாத்த முடியாது.