ஸ்கங்க் அடித்த வீடு: பார்த்ததை, கேட்டதை எழுதுங்கள்
(ஸ்கங்க்: மிரண்டால் வாலடியிலிருந்து நாற்றத் திரவத்தைப் பீய்ச்சும் அமெரிக்கக் காட்டுப்பிராணி. ஒவ்வொரு பதிவுக்கும் மேலே எழுதியவரின் புனைபெயர்.)

சோளக்கொல்லை ஓரம்:
அமெரிக்காவின் அயோவாவில் ஒரு சின்ன ஊர். ஜூலை மாதம், சோளம் ஆள் உயரம். ராத்திரி பத்தரை ஆகியும் புழுக்கம் அடங்கவில்லை. எதிர்வீட்டு நாய் புழக்கடையில் குரைத்தது, குரைப்பு பாதியிலேயே அறுந்தது. மீதியை இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். அந்த வீட்டு அம்மா பதறிப்போய்க் கதவைத் திறந்து நாயை உள்ளே விட்டுவிட்டார். அது நேராக ஹால் கம்பளத்தில் முகத்தைத் தேய்த்தது, அப்புறம் சோபாவில், அப்புறம் தாத்தாவின் மடியில்.

இன்னமும் கண்ணில் நிற்பது அதற்குப் பிறகு நடந்ததுதான். ஸ்கங்க் நாற்றத்துக்குத் தக்காளி ஜூஸ்தான் மருந்து என்பது இங்கே பழைய நம்பிக்கை; டப்பா ஆறும் காலி. குளியல் தொட்டியில் வெள்ளை லாப்ரடார் ரோஸ் நிறத்தில் நிற்கிறது, தாத்தா அதன் கழுத்தை முகர்ந்து "போயே போச்சு, வாசனையே இல்லை" என்று அறிவிக்கிறார். அந்த நேரம் பார்த்து என்ன சத்தமென்று கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரர், வாசல்படியில் ஒரு கால் வைத்தவர் அடுத்த காலை வைக்கவே இல்லை. அப்படியே திரும்பிப் போனார்.

நாற்றம் எங்கும் போகவில்லை, தாத்தாவின் மூக்குதான் களைத்துப் போயிருந்தது. ஒரே நெடியில் அரைமணி நேரம் இருந்தால் மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும், புதிதாக நுழையும் தக்காளி வாசனை மட்டும் தெரியும். வெளியிலிருந்து வருகிறவர் மூக்குக்குத்தான் உண்மை தெரியும்.

கேட்கிறவர்களுக்குச் சரியான கலவை: 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு குவார்ட் (மருந்துக் கடையில் பழுப்பு பாட்டிலில் வரும், கிட்டத்தட்ட 950 மில்லி), ஆப்பசோடா கால் கப், பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பு ஒன்றிரண்டு டீஸ்பூன். வாய் அகன்ற வாளியில் கலந்து, நுரைக்கும்போதே உலர்ந்த முடியில் தேய்க்க வேண்டும். முதலில் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஸ்கங்க் பீய்ச்சியது எண்ணெய்ப் பிசுக்கு, தண்ணீரோடு கலக்காமல் பரவத்தான் செய்யும். ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். கண்ணில் படவே கூடாது. கண்ணுக்கு வெறும் தண்ணீர்தான்.

அந்தக் குடும்பம் கடைசியில் கலவைக்கும் வந்தது, ஆனால் ஆப்பசோடாவுக்குப் பதில் கேக் மாவுக்குப் போடும் பேக்கிங் பவுடரைப் போட்டது. அதில் சோடாவோடு அமிலமும் மாவுச்சத்தும் இருக்கிறது. ஈரம் பட்டதும் சோடாவை அமிலம் அங்கேயே தின்றுவிடும். நாய் மேல் தோசைமாவு மாதிரி அப்பியதுதான் மிச்சம்.

நாலணா சந்தேகம்:
தக்காளி வேலை செய்யாதுன்னு ஆளாளுக்குச் சொல்றீங்க. இந்தப் பக்கத்து ஊர்கள்ல மூணு தலைமுறையா தக்காளிதான். ஒண்ணுமே இல்லாமலா நிலவறை அலமாரியில வருஷா வருஷம் பாட்டில் பாட்டிலா போட்டு வைக்கிறாங்க?

ஆய்வக எலி:
அவர்கள் போட்டு வைப்பது சூப்புக்கும் மிளகாய் போட்ட பீன்ஸ் குழம்புக்கும். நாய்க்கு இல்லை.

விஷயம் வேதியியல்தான். ஸ்கங்க் பீய்ச்சுவதில் முக்கியமானவை தயால்கள், கந்தகம் கோத்த சின்ன மூலக்கூறுகள். காற்றில் நூறு கோடிப் பங்குக்குப் பத்துப் பங்கு இருந்தாலே மனித மூக்கு பிடித்துவிடும். தக்காளியின் லேசான அமிலம் அவற்றை ஒன்றும் செய்யாது. பெராக்சைடு ஆக்சிஜனை ஏற்றி அவற்றை மணமில்லாத, தண்ணீரில் கரையும் பொருளாக மாற்றிவிடும். சோடா கலவையைக் காரமாக்கி அதை வேகப்படுத்தும், சோப்பு பிசுக்கை உடைக்கும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் பாதி வேலைதான் நடக்கும்.

இதைக் கண்டுபிடித்தவர் இல்லினாய்ஸ் வேதியியலாளர் பால் கிரெபாம். வேறொரு கந்தக நாற்றத்தைப் போக்க ஆய்வகத்தில் காரப் பெராக்சைடைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். கூட வேலை பார்த்தவரின் பூனை மாட்டிக்கொண்டதும் அதையே இளக்கமாக்கிக் கொடுத்தார். 1993இல் ஒரு வேதியியல் இதழில் வெளிவந்தது, அதிலிருந்து ஊர் ஊராகப் பரவிவிட்டது.

இவ்வளவு நன்றாக வேலை செய்வதை ஏன் பாட்டிலில் அடைத்து விற்கவில்லை? அதற்கு விஸ்கான்சின் பக்கம் ஒரு வீட்டு கராஜே சாட்சி. மிச்சக் கலவையை வீணாக்க மனமில்லாமல் அந்த வீட்டு அப்பா பால் கேனில் ஊற்றி மூடியை இறுக்கித் திருகி, புல்வெட்டி இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ராத்திரி ரெண்டு மணிக்கு டமார். ஜூலை நாலு, இங்கத்திய சுதந்திர தின வாணவேடிக்கை முடிந்து ரெண்டு நாள்தான் ஆகியிருந்தது. மிச்ச வெடியை யாரோ கொளுத்துகிறார்கள் என்று தெருவே திட்டியது. காலையில் ஷட்டரைத் தூக்கினால் உத்தரத்தில் சோப்பு நுரை காய்ந்து ஒட்டியிருக்கிறது, கேனின் அடிப்பாகம் மட்டும் வைத்த இடத்திலேயே அமைதியாக உட்கார்ந்திருக்கிறது.

கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு குவார்ட்டில் உள்ள பெராக்சைடு முழுவதும் சிதைந்தால் சுமார் 10 லிட்டர் ஆக்சிஜன். மூடிய கேனில் அது எங்கே போகும்? மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றி நிறையத் தண்ணீர் விடுங்கள். அடுத்த முறைக்குப் புதிதாகக் கலக்குங்கள்.

வாசல் விளக்கு:
எங்கள் தெருமுனை வீட்டில் ஸ்கங்க் அடித்தது ஜன்னல் ஏசிக்கு நேர் கீழே. மிக அருகில் அடித்தால் அது "ஸ்கங்க் வாசனை" மாதிரியே இருக்காது, கருகிய ரப்பரும் பூண்டும் சேர்ந்த காரம். கேஸ் கசிவு என்று நினைத்துப் பாட்டி, மூன்று பேரப்பிள்ளைகள், ஒரு கூண்டுக்கிளி எல்லோரும் நைட்டியும் அரைக்கால் சட்டையுமாகப் புல்வெளியில். தீயணைப்பு வண்டி வந்தது. சின்ன ஊரில் அது தன்னார்வலர் படை, வந்தவர்களில் ஒருவர் பகலில் முடிதிருத்துகிறவர். அவர் இறங்கி ஒரே மூச்சு இழுத்துவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினார்.

பாட்டியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நம் ஊர் சமையல் சிலிண்டரில் கசிவு தெரிவதற்காகச் சேர்க்கும் எத்தில் மெர்காப்டானும் ஸ்கங்கின் தயாலும் ஒரே குடும்பம்தான். சந்தேகமென்றால் சுவிட்சைத் தொடாமல் வெளியே போய்விட்டுத்தான் போன் செய்ய வேண்டும். அவர் செய்தது சரி.

தச்சுப்பட்டறை:
எல்லோரும் அடித்த பிறகு என்ன என்று பேசுகிறீர்கள். அது ஏன் வந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. நான் சொல்ல வந்த சம்பவம் ரெண்டு வரிதான்: ஒரு வீட்டுக்காரர் பின்புற மரத்தளத்துக்குக் கீழே இருந்த பொந்தை ஞாயிற்றுக்கிழமை மதியம் பலகை வைத்து ஆணியடித்து மூடினார். ஸ்கங்க் அப்போது உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது.

இனி கவனியுங்கள். புல்வெளியில் மூன்று நாலு அங்குல அகலத்தில் கூம்பு கூம்பாகக் குழி தெரிந்தால் அது புல்லடியில் இருக்கும் வண்டுப்புழுவுக்காகத் தோண்டியது. புல்லுக்குத் தண்ணீர் விடுவதைக் குறையுங்கள், ஈரம் குறைந்தால் புழுவும் குறையும். ராத்திரியில் நாய்ச்சோறு, பூனைச்சோறு வெளியே வைக்காதீர்கள்.

பொந்து இருந்தால் வாயில் ரெண்டடிக்கு மைதா மாவைத் தூவுங்கள். இருட்டி ரெண்டு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஐந்து விரல், முன்காலில் விரல் நுனிக்கு முன்னால் நீளமாக நகக்கோடு, தடம் வெளிப்பக்கம் பார்த்திருக்கிறது என்றால் ஆள் வெளியே போயாயிற்று. பூனைத் தடத்தில் நகம் பதியாது, நாலு விரல்தான், குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மே முதல் ஜூலை வரை உள்ளே குட்டி இருக்கலாம். தாயை வெளியே விட்டு அடைத்தால் குட்டிகள் அடியிலேயே செத்து, அந்த நாற்றத்துக்கு எந்தப் பெராக்சைடும் கிடையாது. குட்டிகள் தாய்க்குப் பின்னால் வரிசையாக நடக்கத் தொடங்கும்வரை பொறுங்கள். ஆகஸ்டில் செய்வது உத்தமம். அப்போதும் ஒருவழிக் கதவு போடுங்கள்: மேலே கீல், வெளிப்பக்கம் மட்டும் திறக்கும் தகடு. மூன்று நாலு ராத்திரி மாவில் உள்ளே போகும் தடமே விழவில்லை என்றால் மூடலாம்.

மூடுவதற்குக் கோழி வலை வாங்காதீர்கள், துருப்பிடித்து ரெண்டு வருஷத்தில் கிழியும். துத்தநாகம் பூசிய அரை அங்குலக் கட்டக் கம்பி வலை. மேலே தளத்தின் சட்டத்தில் அகல வாஷர் வைத்துத் திருகாணி. கீழே ஓரடி ஆழம் பள்ளம் தோண்டி இறக்கி, அடியில் வெளிப்பக்கமாக இன்னோரடி மடித்து மண்ணைப் போடுங்கள். ஸ்கங்க் சுவரை ஒட்டித்தான் தோண்டும், மடிப்பு தட்டினதும் விட்டுவிடும். பின்னால் தள்ளிப்போய்த் தோண்டலாமென்று அதற்குத் தோன்றாது. அந்த வீட்டுக்காரருக்கும் பலகையை எடுக்கலாமென்று திங்கள்கிழமை வரை தோன்றவில்லை.

நாலணா சந்தேகம்:
மைதா, கீல், வாஷர்... ஒரு பூனை சைஸ் பிராணிக்கு. தக்காளி ஜூஸ் டப்பா ஒண்ணு ரெண்டு டாலர். அவ்வளவுதான் சொல்வேன்.

கீழ்த்தள ஜன்னல்:
இது வேறு மாதிரி. நிலவறை ஜன்னலுக்கு வெளியே வெளிச்சத்துக்காக வெட்டி, அலைத்தகடு வைத்திருப்பார்களே அந்தக் குழி, மூன்றடி ஆழம். காலையில் அந்த வீட்டுச் சிறுவன் வீடியோ கேம் ஆடிக்கொண்டே திரும்பினால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்கங்க் உட்கார்ந்து அவனையே பார்க்கிறது. ஒரு கண்ணாடி நடுவில். அவன் கத்தவில்லை. ஆட்டத்தை நிறுத்தி, கன்ட்ரோலரைச் சத்தமில்லாமல் தரையில் வைத்துவிட்டுப் பின்பக்கமாகவே படியேறினான். அந்தக் குடும்பத்திலேயே புத்தியாக நடந்துகொண்டது அவன் ஒருவன்தான்.

அப்பா மண்வெட்டியோடு போய்க் குனிந்தார். ஸ்கங்க் முன்னங்கால் இரண்டையும் தரையில் தட்டியது. அது முதல் எச்சரிக்கை, அப்போதே திரும்பியிருக்கலாம். பிறகு சீறல், வால் தூக்கல், உடம்பை வளைத்து முகமும் பின்புறமும் ஒரே பக்கம். அந்த நிலையைப் பார்த்துவிட்டால் பத்தடிக்குள் இருப்பவருக்கு நேரம் முடிந்துவிட்டது. ஒருமுறை அடித்துவிட்டது, இனி பயமில்லை என்றும் நினைக்காதீர்கள். ஐந்தாறு முறைக்குச் சரக்கு வைத்திருக்கும், முழுவதும் காலியானால்தான் நிரம்ப ஒரு வாரம், பத்து நாள்.

ஸ்கங்குக்கு ஏறத் தெரியாது, அதுதான் பிரச்சினையே. பலகை ஒன்றில் அரையடிக்கு ஒரு குறுக்குக்கட்டை அடித்து, அல்லது பழைய கம்பளத் துண்டைச் சுற்றி, 45 டிகிரிக்கு மேல் செங்குத்தாகாமல் மெதுவாக இறக்குங்கள். அதற்குக் கண்பார்வை மட்டம், திடீரென்று கிட்டே ஏதாவது அசைந்தால்தான் மிரளும். பலகையை வைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குள் போய்விடுங்கள். இருட்டினதும் தானே ஏறிப்போகும். பிறகு குழிக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி வாங்கிப் போடுங்கள்.

ஆய்வக எலி:
கூடவே ஒன்று. பட்டப்பகலில் தள்ளாடுகிற, ஆளைக் கண்டு விலகாத ஸ்கங்கிடம் பலகை வித்தையெல்லாம் வேண்டாம். அமெரிக்காவின் மத்திய மேற்கில் ரேபிஸ் தங்கியிருக்கும் முக்கியமான பிராணிகளில் இதுவும் ஒன்று. உங்கள் நாயை ஸ்கங்க் கடித்திருந்தால் குளிப்பாட்டுவதற்கு முன்பே கால்நடை மருத்துவருக்குப் போன் செய்யுங்கள், தடுப்பூசி ஏற்கெனவே போட்டிருந்தாலும் இன்னொன்று போடுவார்கள்.

சிமெண்ட் தளத்தில் பட்டால் ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர். நாய் மேலோ ஆள் மேலோ கூடாது, அம்மோனியா, வினிகர் எதுவும் கிட்டே வரக்கூடாது. துணியை டிரையரில் போடாதீர்கள், கொடியில் வெயிலில் காயட்டும்.

சோளக்கொல்லை ஓரம்:
அந்த லாப்ரடார் என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். மறுநாள் சரியான கலவையில் ரெண்டு முறை தேய்த்தார்கள், முகத்தைத் தவிர. கண் பக்கம் போகப் பயம். நியாயமான பயம்தான். மூன்று வாரம் ஒரு வாசனையும் இல்லை.

ஸ்கங்க் பீய்ச்சுவதில் தயால்களோடு தயோஅசிடேட் என்று இன்னொரு வகையும் உண்டு. காய்ந்திருக்கும்போது அவ்வளவாக நாறாது, தண்ணீர் பட்டால் மெல்ல உடைந்து தயாலாக மாறும். ஆகஸ்டில் சர்ச் பிக்னிக். நீளமேஜை முழுக்க வேகவைத்த சோளம், உருளைக்கிழங்கு சாலட், ஜெல்லி. பிள்ளைகள் விளையாடப் புல்வெளியில் தண்ணீர் தெளிப்பானைத் திறந்துவிட்டார்கள், நாய் அதற்குள் ரெண்டு சுற்று ஓடிவிட்டு நேராக மேஜைக்கடியில் வந்து படுத்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நாற்பது பேரும் அவரவர் காகிதத் தட்டைத் தூக்கிக்கொண்டு காற்று வருகிற பக்கமாக நகர்ந்தார்கள். தாத்தா மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்து சோளத்தைத் தின்று முடித்தார்.