அமாவாசையில் தொடங்குவதா, கழிப்பதா? பேகன் வழிபாட்டில் நிலவின் நிலைகள்

பிறைத்தேடல்:
விக்கா (இயற்கையைப் போற்றும் நவீன பேகன் சமயங்களில் ஒன்று) வழியில் தனியாகப் பயில்பவருக்கான கேள்வி. அமாவாசை புதுத் தொடக்கத்துக்கு உரியது என்று சிலர் எழுதுகிறார்கள். அன்று எதையும் தொடங்கக் கூடாது, வேண்டாததைக் கழிக்க மட்டுமே உகந்தது என்கிறார்கள் வேறு சிலர். எதை எடுத்துக்கொள்வது? இன்னொன்று, பௌர்ணமி பகல் 2 மணிக்கு என்று போட்டிருந்தால் எஸ்பட் சடங்கை (நிலவை ஒட்டிச் செய்யும் விக்கா வழிபாட்டை) எந்த இரவில் வைப்பது?

முச்சந்தி விளக்கு:
இரு தரப்பும் பேசுவது வெவ்வேறு இரவுகளைப் பற்றி. நாட்காட்டியில் கறுப்பு வட்டம் போட்டிருக்கும் நேரத்தில் சூரியனும் நிலவும் ஒரே திசையில் சேர்கின்றன. அதற்கு முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று இரவுகள் நிலவு கண்ணில் படாது. அதன் பிறகு, சூரியன் மறைந்த கையோடு மேற்கே மெல்லிய கீற்று தெரியும்.

நிலவை வைத்தே மாதத்தைக் கணித்த பண்டைய ஏதென்ஸில் இதைத் தெளிவாகப் பிரித்து வைத்திருந்தார்கள். மாதக் கடைசி இரவில் ஹெகட்டே என்ற கிரேக்கத் தேவிக்கு முச்சந்தியில் உணவு படைப்பது டெய்ப்னான். அடுத்து வரும் மாதப் பிறப்பு நூமினியா. அன்று தெய்வ உருவங்களைத் துடைத்து மாலையிட்டுத் தூபம் காட்டுவார்கள். இன்று கிரேக்க மரபை மீட்டெடுப்பவர்களும் இதே வரிசையில்தான் செய்கிறார்கள். எனவே கழிப்பதை இருண்ட இரவிலும், தொடங்குவதைக் கீற்று தெரியும் மாலையிலும் வையுங்கள்.

பலர் தவறுவது ஒரே இடத்தில்: விடியலுக்கு முன் கிழக்கே தெரியும் கீற்றைப் புதுப்பிறை என்று எண்ணிவிடுகிறார்கள். அது தேய்பிறையின் கடைசிக் கீற்று. அதன் முன் நின்று வளர்ச்சி வேண்டினால் சடங்கே தலைகீழாகிவிடும்.

நிலாமுற்றம்:
பௌர்ணமிக் கேள்விக்கு: பல தளங்கள் யூடிசி (உலகப் பொது) நேரத்தையே காட்டும், முதலில் உங்கள் நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள். மாற்றிய பிறகும் பகல் 2 மணிதான் என்றால் அன்றிரவு வையுங்கள். முந்தைய நள்ளிரவுக்கு 14 மணி நேர இடைவெளி, அன்றைய நள்ளிரவுக்கு 10 மணி நேரம்தான். வளர வேண்டிய ஒன்றைக் கேட்கும் சடங்கென்றால் மட்டும் முந்தைய இரவைப் பிடிப்பதில் நியாயம் உண்டு, அப்போது நிலவு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும்.

முழுநிலவு சூரியன் மறையும் வேளையை ஒட்டி எழுந்து, நள்ளிரவை ஒட்டி உச்சிக்கு வரும். கிழக்கு ஜன்னல் மட்டும் இருந்தால் உதயத்துக்கு ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்கிவிடுங்கள். நள்ளிரவுக்குக் காத்திருந்தால் நிலவு கூரைக்கு மேல் போயிருக்கும்.

நிலவு நீர் (நிலவொளியில் வைத்து எடுக்கும் நீர்) வைப்பவர்கள் செலினைட் கல்லை ஜாடிக்குள் போட வேண்டாம். அது ஜிப்சம், நீரில் மெல்லக் கரையும். மலக்கைட் கல்லில் செம்பு இருக்கிறது, அது கிடந்த நீரைக் குடிக்கக் கூடாது. மூடிய கண்ணாடி ஜாடியை ஒட்டி, கல்லை வெளியே வைத்தால் போதும்.

இலையுதிர்:
தேய்பிறையைக் கெட்ட காலம் என்று ஒதுக்க வேண்டாம். ஒரே வேண்டுதலை இரு பாதியிலும் செய்யலாம்: வேலை கிடைக்க வளர்பிறையில் கேளுங்கள், அதற்குத் தடையான அச்சம் நீங்கத் தேய்பிறையில் கேளுங்கள்.

தேய்பிறைக்கு நல்ல முறை ஒன்று. ஒரு மெழுகுவர்த்தியை 7 சம பாகமாகக் குறித்து, பௌர்ணமிக்கு மறுநாள் தொடங்கி ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு பாகம் எரியுங்கள். 13ஆம் நாள் முடிந்துவிடும், இருளுக்கு முன்பே. குறியை ஊசியால் லேசாகக் கீறுங்கள். கத்தியால் ஆழமாக வெட்டினால் மெழுகு அந்தப் பக்கமாக வழிந்து சுடர் ஒழுங்காக நிற்காது.

கன்னி, தாய், கிழவி என்று மூன்று நிலைகளாகத் தேவியைப் பார்ப்பதும் ஆழமான வழிதான். ஆனால் அதை மாறாத பழஞ்சட்டமாகக் கொள்ள வேண்டாம். அந்த வடிவம் பரவ முக்கியக் காரணம் ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ் 1948இல் எழுதியவை.

பிறைத்தேடல்:
மிக்க நன்றி. தென் அரைக்கோளத்தில் இருப்பவர்கள் இவற்றைத் திருப்ப வேண்டுமா?

முச்சந்தி விளக்கு:
பருவ விழாக்களை மட்டும் திருப்புவார்கள். நிலவின் நிலைகள் எங்கும் ஒரே நேரத்தில்தான். அங்கே வளர்பிறை இடப்பக்கம் ஒளிரும், பீடத்தில் பிறை வரைவதானால் அதற்கேற்ப வரையுங்கள்.