லிசா நோவாக் வழக்குப் புத்தகம்: தாக்கியவருக்கு இத்தனை பக்கங்கள் தேவையா?

நெய்தல்விழி

விண்வெளி வீராங்கனை லிசா நோவாக் வழக்கைப் பற்றிய புத்தகத்தை நேற்று இரவு முடித்தேன். நீதிமன்ற ஆவணங்களையும் போலீஸ் பதிவுகளையும் வைத்து ஒரு பத்திரிகையாளர் எழுதியது.

வழக்கு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். லிசா அமெரிக்கக் கடற்படையில் கேப்டனாக இருந்தவர். 1996இல் நாசா தேர்ந்தெடுத்தது. பத்து வருடம் காத்திருந்து 2006 ஜூலையில் டிஸ்கவரி ஓடத்தில் விண்வெளிக்குப் போனார். அங்கே இயந்திரக் கையை இயக்கியவர்களில் ஒருவர். திரும்பி ஏழு மாதம்கூட ஆகவில்லை. 2007 பிப்ரவரி 5 அதிகாலை ஓர்லாண்டோ விமான நிலையக் கார் நிறுத்துமிடத்தில் ஒரு பெண்மீது பெப்பர் ஸ்பிரே அடித்துக் கைதானார். அந்தப் பெண் அப்போது விமானப்படை அதிகாரி. லிசாவோடு உறவில் இருந்த சக வீரர் வில்லியம் ஓஃபெலின், இந்தப் பெண்ணோடு பழகத் தொடங்கியிருந்தார்.

இந்தப் பெயரைச் சொன்னாலே பலருக்கு நினைவுக்கு வருவது டயப்பர்தான். ஹூஸ்டனிலிருந்து ஓர்லாண்டோவரை சுமார் 1,500 கிலோமீட்டர், வழியில் நிறுத்தாமல் இருக்க டயப்பர் கட்டிக்கொண்டு ஓட்டினாராம். உலகமே சிரித்தது. எனக்கு இந்த வழக்கில் மறக்க முடியாதது வேறு. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்வெளி ஓடம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். அதில் லாரல் கிளார்க் லிசாவின் நெருங்கிய தோழி. அந்தக் குடும்பத்துக்குத் துணையாக நின்றவர்களில் லிசாவும் ஒருவர். அதற்கு அப்புறம் அதே வகை ஓடத்தில்தான் தானும் ஏறிப்போக வேண்டும். 2007 ஜனவரியில் கணவரும் அவரும் பிரிந்தார்கள். உடல் எடை வெகுவாகக் குறைந்துவிட்டது. இவ்வளவும் நடக்கும்போது பக்கத்தில் இருந்த மருத்துவர்களும் மேலதிகாரிகளும் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள்? எனக்கு இதுதான் கேள்வி.

அருள்செல்வன்

விழி அக்கா, உங்கள் பதிவில் ஒரு வரி எனக்கு வலித்தது. "பெப்பர் ஸ்பிரே அடித்துக் கைதானார்." அவ்வளவுதானா?

லிசா விக்கும் நீள மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு, தாமதமாக வந்த பெட்டிக்காக அந்தப் பெண் காத்திருந்த நேரமெல்லாம் காத்திருந்தார். அப்புறம் பேருந்தில் கார் நிறுத்துமிடம்வரை பின்தொடர்ந்தார். யாரோ பின்னால் வருவது தெரிந்து அந்தப் பெண் ஓடிப்போய்க் காருக்குள் பூட்டிக்கொண்டார். லிசா கதவைத் திறக்கப் பார்த்தார், கண்ணாடியைத் தட்டினார், என்னை அழைத்துப்போக ஆள் வரவில்லை, உதவி செய் என்றார், அழுதார். அழுகிறாரே என்று இரக்கப்பட்டு அந்தப் பெண் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார். அந்த இடுக்கு வழியாகத்தான் ஸ்பிரே.

பையில் இருந்தவை: பிஸ்டல் போலவே இருக்கும் பிபி துப்பாக்கி (காற்றழுத்தத்தில் சிறு குண்டுகளைச் சுடுவது), இரும்புச் சுத்தியல், மடக்குக் கத்தி, ரப்பர்க் குழாய், பெரிய குப்பைப் பைகள். பேசித் தீர்க்கப் போகிறவருக்குக் குப்பைப் பை எதற்கு?

புத்தகம் பிறப்பிலிருந்து தொடங்கி, படிப்பு, விமானப் பயிற்சி, விண்வெளி என்று அவரோடேயே நடக்கிறது. படிப்பவர் அவரோடு ஒட்டிக்கொண்ட பிறகுதான் கார் நிறுத்துமிடம் வருகிறது. காருக்குள் கண் எரிந்து, வண்டியை எப்படியோ ஓட்டிக்கொண்டு கட்டணச் சாவடிக்குத் தப்பியவருக்கு இதில் எத்தனை பக்கம்?

ரேவதி மணிவண்ணன்

அருள் சொல்வது சரி. ஆனால் டயப்பர் பற்றி அக்கா சொன்னதையும் விட்டுவிடக் கூடாது. குற்றம் செய்த விண்வெளி வீரர் ஆணாக இருந்திருந்தால் இப்படிச் சிரித்திருப்பார்களா? விண்ணில் ஏறும்போதும் விண்நடையின்போதும் ஆண்களும் அதே மாதிரி உறிஞ்சும் உள்ளாடைதான் அணிகிறார்கள். அங்கே அது கருவி, இங்கே அது கேலி.

அருள்செல்வன்

கேலி தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கேலியால் அதிகம் பாதிக்கப்பட்டது தாக்கப்பட்டவர் என்பது என் கருத்து. ஊர் சிரித்துவிட்டால் அது தமாஷ் வழக்காகிவிடுகிறது. யாரோ தன்னைக் கொல்ல வந்தார் என்று ஒருவர் சொல்லும்போது யாரும் அதைக் காதில் வாங்குவதில்லை.

மாவட்ட நீதிமன்ற வாசல்

நான் குற்றவியல் வழக்கறிஞர். இரண்டு விஷயங்களைப் பிரித்துச் சொல்கிறேன்.

டயப்பர் செய்தி வந்தது கைதானபோது போலீஸ் எழுதிய பிரமாணப் பத்திரத்திலிருந்து. தான் அணிந்திருந்ததாக லிசாவே விசாரணையில் சொன்னார் என்பது போலீஸ் தரப்பு. இது முழுக்கக் கட்டுக்கதை என்று அவருடைய வழக்கறிஞர் 2007 ஜூனில் மறுத்தார். காரில் இருந்தவை சின்னக் குழந்தைக்கான டயப்பர்கள், 2005இல் ரீட்டா புயலுக்காகக் குடும்பம் ஹூஸ்டனைவிட்டு வெளியேறியபோது வைத்தவை என்றார். அப்புறம் 2007 நவம்பரில் நீதிபதி அந்த வாக்குமூலத்தையே ஒதுக்கினார். மௌனமாக இருக்கும் உரிமை, வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமை, இவற்றைப் போலீஸ் முறையாக விளக்கவில்லை என்பது காரணம். காரில் எடுத்த பொருட்களையும் ஒதுக்கினார். 2008 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வாக்குமூலம் செல்லாது என்பதை உறுதி செய்தது. கார்ச் சோதனையை மட்டும் ஏற்றது. நம் நாட்டில் போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பொதுவாகப் பயன்படுத்த முடியாது. அங்கே முடியும், அதனால்தான் இந்த முறைமை அவர்களுக்கு உயிர்.

அடுத்து, கொலை முயற்சி. கைதான மறுநாள் போலீஸ் அதைச் சேர்த்தது உண்மை. மார்ச்சில் அரசுத் தரப்பு முறைப்படி குற்றம் சாட்டியபோது அது இல்லை. கடத்தல் முயற்சி, தாக்கும் நோக்கில் வாகனத்துக்குள் புகுதல், தாக்குதல், இவை மூன்றும்தான். பையில் இருந்ததை வைத்து நோக்கத்தை ஊகிக்கலாம், நிரூபிப்பது வேறு வேலை. இந்த வேறுபாட்டைப் புத்தகம் பொறுமையாகச் சொல்வதால்தான் எனக்கு அது பிடித்தது.

அருள்செல்வன்

வக்கீல் சார், முறைமை புரிகிறது. முடிவைச் சொல்லுங்கள். 2009 நவம்பரில் குறைக்கப்பட்ட குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டார். ஒரு வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பு, 50 மணி நேரம் சமூக சேவை, கோபத்தைக் கட்டுப்படுத்தும் வகுப்பு, ஒரு மன்னிப்புக் கடிதம். சிறை? கைதானபோது இருந்த இரண்டு நாள்தான். விக்கையும் துப்பாக்கியையும் குப்பைத் தொட்டியில் போட்டவர் பித்துப்பிடித்த நிலையில் இருந்தார் என்று அவர் தரப்பு சொன்னதை எப்படி நம்புவது? ஆதாரத்தை மறைக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறதே.

அதே நாள் நீதிமன்றத்தில், லிசா தன்னைக் கொல்லத்தான் வந்தார் என்று மனதாரத் தெரியும், அதை அவர் கண்ணில் பார்த்தேன் என்று அந்தப் பெண் சொன்னார். மூன்று வருடம் ஆகப்போகிறது, அப்போதும் கெட்ட கனவு விடவில்லை. அந்த வாக்குமூலத்திலிருந்து இந்தப் புத்தகம் தொடங்கியிருக்க வேண்டும்.

தாமரைக்குளம்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மனநோய் என்ற பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

லிசா தரப்பு 2007 ஆகஸ்டில் மனநிலை பிறழ்ந்திருந்தார் என்று வாதிடப் போவதாகச் சொன்னது. கடும் மனச்சோர்வு, தூக்கமின்மை, எண்ணச் சுழல் நோய் (OCD) எல்லாம் அந்த மனுவில் வந்தன. எனக்கும் மனச்சோர்வு உண்டு, ஒன்பது வருடமாக மாத்திரை எடுக்கிறேன். தூங்காமல் நான்கு நாள் இருந்திருக்கிறேன். யாரையும் பின்தொடர்ந்ததில்லை. "பாவம், மனச்சோர்வு, அதனால் இப்படிச் செய்தார்" என்று ஒருவர் எழுதும்போது, என்னைப் போன்றவர்களைப் பார்த்து இன்னும் நாலு பேர் ஒதுங்குவார்கள். வேலை செய்த ஓர் அலுவலகத்தில் மாத்திரைச் சீட்டைப் பார்த்த பிறகு எனக்குப் பொறுப்புகள் குறைந்தன. அதனால் அக்கா, இரக்கப்படுங்கள், ஆனால் நோயைக் காரணமாக நிறுத்தாதீர்கள்.

அதே நேரம் அருள், விக்கை மறைத்தார் என்பதால் நோயே இல்லை என்று ஆகிவிடாது. மிகவும் ஒழுங்காகத் திட்டமிட்டுக்கொண்டே உள்ளே உடைந்துபோக முடியும். நான் அப்படி வேலைக்குப் போயிருக்கிறேன்.

நெய்தல்விழி

தாமரை, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. நன்றி. நோயால் செய்தார் என்று சொல்ல வரவில்லை, ஆனால் என் பதிவு அப்படித்தான் ஒலிக்கிறது.

நான் கேட்க நினைத்தது நாசாவைப் பற்றி. தேர்வின்போது மனநலப் பரிசோதனை உண்டு. விண்வெளி நிலையத்தில் மாதக்கணக்கில் தங்குபவர்களைப் பிறகும் கவனித்தார்கள். இரண்டு வாரத்தில் திரும்பிய ஓடக் குழுவினருக்கு அப்போது முறையான தொடர் பரிசோதனை இருக்கவில்லை. இந்த வழக்குக்குப் பிறகு அமைத்த குழு 2007 ஜூலையில் அறிக்கை தந்தது. எல்லா வீரர்களுக்கும் தொடர்ந்து மனநலக் கவனிப்பு வேண்டும் என்றது. ஆனால் அந்த அறிக்கையில் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டது, வீரர்கள் பறக்கும் முன் குடித்திருந்தார்கள் என்ற பகுதியை. மறுபடி சிரிப்பும் அதிர்ச்சியும்தான். வாய் திறந்து எனக்கு முடியவில்லை என்று சொன்னால் அடுத்த பயணம் போய்விடும் என்ற பயம் இருக்கும் இடத்தில் யார் சொல்வார்கள்? தாமரையின் அலுவலகம் மாதிரிதானே அதுவும்.

மாவட்ட நீதிமன்ற வாசல்

தண்டனை பற்றி ஒன்று. நீதிமன்றம் மட்டும் பார்த்தால் லேசு. 2007 மார்ச்சில் நாசா அவரைக் கடற்படைக்கே திருப்பி அனுப்பியது. 2011இல் கடற்படை, கேப்டன் பதவியிலிருந்து கமாண்டராக இறக்கி, மதிப்பில்லாத முறையில் பணியிலிருந்து நீக்கியது. இருபத்தைந்து வருடத்துக்கும் மேலான சேவை.

அருள்செல்வன்

பதவி போனது அவருக்கு நஷ்டம் சார். தாக்கப்பட்டவருக்கு அதில் என்ன கிடைத்தது? தண்டனை விஷயத்தில் நான் மாறப்போவதில்லை.

தாமரை சொன்னதை ஏற்கிறேன். திட்டமிட்டார், ஆகவே நோயில்லை என்று எழுதியது என் அவசரம்.

ரேவதி மணிவண்ணன்

அந்தப் பெண்ணின் பெயரை இங்கே யாருமே எழுதவில்லை, கவனித்தீர்களா? அவர் இதற்கு அப்புறம் வேறு வாழ்க்கை அமைத்துக்கொண்டார். அவரைப் பற்றி அதிகப் பக்கங்கள் வேண்டும் என்று கேட்கும் அருளுக்கு என் கேள்வி: அவர் அதை விரும்புவாரா?

அருள்செல்வன்

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் நீதிமன்றத்தில் எல்லார் முன்னும் சொன்னதையாவது முழுதாக, முன்னால் வைக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. அதற்கு மேல் தோண்டக் கூடாது, சரி.

நெய்தல்விழி

என் முதல் பதிவை அழிக்கவில்லை, அழித்தால் அருளின் பதில் யாருக்கும் புரியாது. அதில் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன்: லிசா நோவாக் மாறுவேடத்தில் பின்தொடர்ந்து, அழுது உதவி கேட்டு, கண்ணாடியை இறக்கியவர்மீது ஸ்பிரே அடித்தார், பையில் கத்தியும் சுத்தியலும் பிபி துப்பாக்கியும் வைத்திருந்தார். புத்தகம் வேண்டும் என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். முதலில் தாமரைக்கு அனுப்புகிறேன்.